தொடக்க வகுப்பில் கணினி: யார் கையில்?

2006-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு திட்டத்துக்குக் கதவைச் சாத்தியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரபான்டி ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்று உலகெங்கும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பறையும் ஆசிரியரும் போதாத நாட்டில் இவ்வளவு பணத்தைக் கருவியில் போட முடியாது, கற்பித்தல் நோக்கிலும் இது சந்தேகத்துக்குரியது என்றது டெல்லி. (‘100 டாலர் கணினி’ என்று பெயரெடுத்த அந்தப் பொருளின் விலை கடைசிவரை 100 டாலருக்கு இறங்கவில்லை என்பது வேறு கதை.) சில ஆண்டுகள் கழித்து இலங்கை அதே கணினியை உலக வங்கியின் உதவியோடு சில ஆரம்பப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனது. பச்சையும் வெள்ளையுமான அந்தச் சிறு பெட்டி பிள்ளைகளின் மடிக்கே வந்தது. ஆனால் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது முன்னோடித் திட்டமாகவே நின்றுபோனது.

ஒரு நாடு மறுத்தது, மற்றது ஏற்றது. அப்படியிருந்தும் இன்று இரண்டு நாட்டிலும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு செயல்திட்டத்துக்காகக் கணினியைத் தன் கையால் இயக்குவது அபூர்வம்தான். காரணங்கள் மட்டும் இரு கரையிலும் ஒன்றல்ல.

இந்தியக் கதையை வதோதராவிலிருந்து தொடங்கலாம். 2000-ஐ ஒட்டிக் குஜராத் அரசு அந்நகரின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளிக்கு நான்கு கணினி கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவற்றில் மிகச் சிலவே பயன்பாட்டில் இருந்தன. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பிறகு உள்ளே வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு கணினிக்கு இருவர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதை அளந்தார்கள். கணக்கில் முன்னேற்றம் தெளிவாக இருந்தது. திட்டம் நின்ற ஓராண்டில் அதில் பெரும்பகுதி கரைந்தும்விட்டது. இவர்களில் ஒருவரான லீ லிண்டன் குஜராத்திலேயே இன்னொரு ஆய்வு செய்தார். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்த கணினி நேரம் பிள்ளைகளுக்கு உதவியது. ஆசிரியர் நடத்தும் பாடவேளையைப் பிடுங்கிக்கொண்டு நுழைந்த கணினியோ அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. கருவி வாங்கும் எந்த அலுவலரும் கோப்பில் கையெழுத்திடுமுன் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கணினிவழிப் பாடக் குறுந்தகடுகளைக் கொடுத்துவிட்டு, எதிர்பார்த்த பலன் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விலகியது. அந்த நேர்மை அரிது.

இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே கருவிக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக்குறியீடு இருக்கிறது. கைபேசியால் வருடினால் திக்‌ஷா தளத்தில் காணொலி திறக்கும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அண்மை ஆண்டுகளில் அரசு தொடக்கப் பள்ளிகளில் 20,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் பணி நடந்தது; தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் பல்லாயிரம் பேருக்குக் கைக்கணினி வழங்கப்பட்டது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாட்டும் பொம்மையுமாக நடத்துகிறார்கள். எனக்கு அந்த வகுப்புமுறை பிடிக்கும். செயல்வழிக் கற்றல் அட்டைகளின் காலத்திலிருந்து இங்கே வேர்பிடித்த மரபு அது.

ஆனால் கணினி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரை சுவரில் இருக்கிறது. கைக்கணினி ஆசிரியர் மேசையில் இருக்கிறது. அதில் நடக்கும் முதல் வேலை, பள்ளிக் கல்வித் துறை தரவு திரட்டும் ‘எமிஸ்’ செயலியில் வருகைப்பதிவு. அடுத்தது மதிப்பீட்டுப் பதிவு. இணையம் மெதுவாக இருக்கும் ஊரில் திரையில் காத்திருப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பாதிக் காலை வேளையைத் தரவுக்குக் கொடுத்துவிடுகிறார். இந்தப் பதிவுகளைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது சோம்பலால் அல்ல. பிள்ளையைப் பற்றிய தகவல் மேலே போகிறது, பிள்ளைக்கான காணொலி கீழே வருகிறது. பிள்ளை தானாக ஒன்றைச் செய்து அந்தக் கருவியில் ஏற்றும் வழி மட்டும் எவரும் திட்டமிட்டு வகுக்காத ஒன்றாகவே இருக்கிறது.

இலங்கையில் பாடத்திட்டமே இதற்கு வாகானது என்பேன். 1990-களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற ஒன்றிணைந்த பாடத்தைக் கொண்டுவந்தது. குளம், மழை, ஊர்த் தொழில், உணவு எல்லாம் அதற்குள் வரும். வன்னிக் கிராமமொன்றில் தரம் 4 பிள்ளைகள் மாரி மழையை ஒரு போத்தலில் அளந்து, நாளுக்கு நாள் குறித்து, வரைபடமாக்குகிறார்கள் என்றால் அது பாடத்துக்கு வெளியே உள்ள வேலையல்ல, பாடமேதான். அந்த எண்களை ஒரு விரிதாளில் இட்டால் தூண் வரைபடம் கண்முன் எழும்பும். தேவைப்படுவது ஒரே ஒரு கணினி.

அந்த ஒன்றுதான் அங்கே இல்லை. கணினிக் கூடங்கள் உயர்தரம் வரை உள்ள 1ஏபி, 1சி பாடசாலைகளுக்கும் இடைநிலைப் பிரிவுகளுக்கும் போயின. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்ற பாடமும் தரம் 6 முதல் உள்ளவர்களுக்கே. ஆரம்பப் பிரிவு மட்டுமுள்ள மூன்றாம் வகைப் பாடசாலைக்குக் கணினி வருவதென்றால் அபிவிருத்திச் சங்கமோ, பழைய மாணவரோ, கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் ஊர்ச் சங்கமோ வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்படி வந்தது பல இடங்களில் அதிபரின் அறையில் துணி போர்த்தி வைக்கப்படுவதும் உண்டு. பழுதானால் யார் பொறுப்பு என்ற பயம்.

அதைவிடப் பெரிய தடை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பெரிய பாடசாலைக்குள் நுழையும் வாசல் அது என்பதால் தரம் 3-இலேயே தனியார் வகுப்பு தொடங்கிவிடுகிறது. மழை அளப்பதற்குப் புள்ளி இல்லை. கடந்தகால வினாத்தாளுக்கு உண்டு. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இப்படியொரு சுமை இல்லை என்பதை இக்கரை ஆசிரியர்கள் உணர்ந்திருக்கிறார்களா என்று சில வேளை நினைப்பேன்.

கொவிட் காலம் இரண்டு நாட்டையும் ஒரே பரீட்சையில் உட்கார வைத்தது. இங்கே கல்வித் தொலைக்காட்சி, அங்கே ‘குரு கெதர’ தொலைக்காட்சிப் பாடங்கள். இலங்கையின் ஊவாவிலுள்ள போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் அலைவரிசை தேடிப் பாறை மேல் ஏறிய படங்கள் 2021-இல் உலகெங்கும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு அங்கே பொருளாதாரம் சரிந்தது; நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, பரீட்சைத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. அந்த நிலையில் ஆரம்ப வகுப்புக்குக் கணினி என்று பேசுவது கேலியாகத் தோன்றியிருக்கும்.

முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளம் ‘கைட்’ நிறுவனத்தின் வழியே கட்டற்ற மென்பொருளை நம்பி, ‘களிப்பெட்டி’ என்ற பெயரில் சிறு வகுப்புகளுக்கே கணினிப் பாடநூல் போட்டது. 2019-இல் தொடக்கப் பள்ளிகளுக்கும் மடிக்கணினிகளை அனுப்பியது. மாற்றியமைக்கும் உரிமையும் சேர்ந்தே வந்ததால் மென்பொருளைத் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ள அவர்களுக்கு எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தமிழிலும் டக்ஸ் பெயின்ட் போன்ற வரையும் மென்பொருள் இருக்கிறது. பயன்படுத்தும் பள்ளியைத்தான் தேட வேண்டும்.

தட்டச்சு இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் தமிழ்99, இலங்கையில் நியமமாக்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை. நடைமுறையில் அங்கே வினாத்தாள்கள் இன்னும் பாமினி எழுத்துருவில், இங்கே பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில். பாமினியில் அடித்த பிள்ளையின் கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றாமல் வேறெங்கும் தேடவோ ஒட்டவோ முடியாது. எந்த விசைப்பலகையையும் இரு நாட்டின் தொடக்கப் பாடமும் சொல்லித் தருவதில்லை. பிள்ளைகள் காத்திருக்கவும் இல்லை. அம்மாவின் கைபேசியில் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசுகிறார்கள். கூகுளின் குரலறி சேவையில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனித் தெரிவுகள்.

ஆசிரியரிடம் ஒரே ஒரு கைபேசி இருந்தாலும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். மழை அளந்த பிள்ளை, தான் கண்டதை வாயால் சொல்லட்டும், கருவி எழுதட்டும். ‘மழை’ ‘மலை’ என்று வரும், ‘அரை’யும் ‘அறை’யும் இடம் மாறும், வட்டாரச் சொல்லொன்று வேறெதுவாகவோ திரியும். நான்கு பேர் கூடி அந்தப் பிழைகளைக் கரும்பலகையில் திருத்தி, சரியான பிரதியைத் திரும்ப ஏற்ற ஒரு பாடவேளை போதும்.