பாடநூல் வரியும் பாலாற்று மணலும்: போட்டித்தேர்வுக்குப் புவியியல் படிக்கும் முறை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் இந்தியப் புவியியல் தனி அலகாக வருகிறது. அமைவிடம், இயற்கை அமைப்பு, பருவமழை, நீர்வளம், ஆறுகள், மண், கனிமம், காடு, வேளாண்மை, போக்குவரத்து, மக்கள்தொகை, பழங்குடிகள், பேரிடர் மேலாண்மை, பருவநிலை மாற்றம், பசுமை ஆற்றல் என்று பாடத்திட்டம் சில வரிகளில் முடிந்துவிடும். அதைப் படிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே நிலைபெற்றுவிட்டது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் நூல்களையும் மேல்நிலை வகுப்புப் புவியியல் நூல்களையும் வரிக்கு வரி படிப்பது, ஒருவரி வினா-விடையாகக் குறிப்பெடுப்பது, பழைய வினாத்தாள்களோடு ஒப்பிடுவது, வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதுவது, பிறகு ரிவிஷன். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் சென்னைக்கும் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்களும், வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறவர்களும் இந்தத் தடத்தில்தான் போகிறார்கள்.

இந்த முறைக்கு உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற ஒருவர், பெரிய கட்டணம் கட்டிப் படிப்பவர் வைத்திருக்கும் அதே மூலநூலை வைத்துப் போட்டியிட முடிகிறது. தமிழ்நாட்டின் அரசுத் தேர்வு முறையில் இதைவிடச் சமத்துவமான அம்சம் அதிகம் இல்லை. உத்தேச விடைக்குறிப்பு வெளியானதும் தேர்வர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்போது கையில் இருக்கும் வலுவான சான்று பாடநூல் பக்கமே. 2018-19 கல்வியாண்டில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் எல்லா வகுப்புகளுக்கும் வந்த புதிய நூல்கள், முந்தைய நூல்களைவிடப் பரப்பிலும் படங்களிலும் வெகுவாக முன்னேறியவை.

நேரக் கணக்கும் மனப்பாடத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. 3 மணி நேரத்தில் 200 வினாக்கள், அதாவது ஒரு வினாவுக்கு 54 விநாடி. லேட்டரைட் மண் எந்தச் சூழலில் உருவாகிறது என்பதை அந்த 54 விநாடியில் முதல் கோட்பாட்டிலிருந்து வருவித்துக்கொண்டிருக்க முடியாது. அது நினைவில் தயாராக இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு ஒன்றோடு முடிந்துவிடும் குரூப் 4 போன்றவற்றில், வரிக்கு வரி படித்தவர் நல்ல மதிப்பெண் எடுப்பதில் வியப்பில்லை. மனப்பாடம் என்றாலே இளக்காரமாகப் பார்க்கும் கல்விப் பேச்சு இந்த மாணவர்களுக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

ஆனாலும் புவியியல் மற்ற அலகுகளைப் போன்றது இல்லை. அரசியலமைப்பின் ஒரு பிரிவைத் தனி வரியாகக் கற்றால் ஓரளவு நிற்கும். ஓர் ஆற்றைத் தனி வரியாகக் கற்க முடியாது. அது மலையில் தொடங்கி, மழையால் நடந்து, மண்ணைச் சுமந்து, ஏரியை நிரப்பி, ஊரை வளர்த்து, சட்ட வழக்கு வரை போகிறது. பாடநூல் இவற்றை வகுப்புவாரியாகப் பிரித்து வைக்கிறது. ஒருவரிக் குறிப்பு அந்தத் துண்டுகளை இன்னும் சிறியதாக நறுக்குகிறது. கடைசியில் தேர்வர் கையில் மிஞ்சுவது பெயர்களும் எண்களும் மட்டும்.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை கடக்கும் பாலாற்றை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் அது ஒரு வரி: நீளம் 348 கி.மீ., தோன்றும் மாநிலம் கர்நாடகம், முக்கியத் துணையாறு செய்யாறு. இதே வரியைச் சற்று விரித்தால் 93 கி.மீ. கர்நாடகத்தில், 33 கி.மீ. ஆந்திரத்தில், 222 கி.மீ. தமிழ்நாட்டில் என்று பிரிகிறது. நீளத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டில், தலைப்பகுதி மட்டும் வெளியில் என்ற இந்தப் பிரிவிலிருந்தே நதிநீர்ச் சிக்கல் புரிந்துவிடும். சென்னை மாகாணமும் மைசூரும் 1892-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இடம்பெற்றதற்குக் காரணம் இதுவே. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் பாலத்துக்கடியில் மணல் மட்டும் தெரிவதற்கும் விடை உண்டு: இது பருவகால ஆறு, மேல்பகுதி மழைகுறைந்த பீடபூமி, வழியெங்கும் ஏரிகளும் தடுப்பணைகளும் நீரைத் தேக்கிக்கொள்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-இல் 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு என்று அது சுற்றுச்சூழல் பாடத்தில் தனியே படிக்கப்படுகிறது, ஆற்றின் பெயர் இல்லாமலே. நீர்வளம், மண், தொழில், மாசு, மாநில உறவு என்ற ஐந்து தலைப்புகளும் ஒரே ஆற்றில் சேர்ந்திருக்க, தேர்வர் அவற்றை ஐந்து நோட்டுகளில் ஐந்து முறை மனப்பாடம் செய்கிறார். உழைப்பு வீணாவது இந்த இடத்தில்தான்.

எண்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கி.மீ. என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்வர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அந்தக் கணக்கில் 906.9 கி.மீ. மாநில அரசின் மீன்வளத் துறை ஆவணங்களிலோ 1,076 கி.மீ. எது சரி என்று பயிற்சி வகுப்புகளில் எழாத சண்டை இல்லை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கை நாட்டின் கடற்கரையை 11,098 கி.மீ.க்கு மேல் என்றும், தமிழ்நாட்டுக் கடற்கரையை 1,068 கி.மீ.க்கு மேல் என்றும் திருத்தியது. பழைய கணக்கில் குஜராத், ஆந்திரம், தமிழ்நாடு என்றிருந்த மாநில வரிசையில், 1,053 கி.மீ. பெற்ற ஆந்திரத்தைத் தமிழ்நாடு முந்தியது. கடல் நகரவில்லை, அளந்த வரைபடத்தின் அளவை மாறியது. பழைய கணக்கு 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவையில் எடுக்கப்பட்டது. புதியது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு அளவையில். நுணுக்கமான அளவையில் கழிமுகம், உப்பங்கழி, மணல்திட்டு ஒவ்வொன்றின் வளைவும் கணக்கில் சேர, நீளம் கூடுகிறது. கோவளத்துக்குச் சற்று வடக்கே உள்ள முட்டுக்காட்டு முகத்துவாரம் பழைய வரைபடத்தில் ஒரு புள்ளியளவுகூட இருந்திருக்காது.

வரைபட அளவை என்பது பள்ளிப் பாடநூலில் இருக்கும் பாடமே. தேர்வில் குறைவாகக் கேட்கப்படுகிறது என்று அதைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர், எண் மாறியதும் குழம்புகிறார். அளவையைப் புரிந்துகொண்டவருக்கு இரண்டு எண்ணும் நினைவில் நிற்கும், ஏன் இரண்டு என்பதும் சேர்ந்து நிற்கும்.

பட்டியல்களுக்கும் ஆயுள் குறைவு. கூடுவாஞ்சேரியில் நாற்பது வயதான ஒருவர் வீடு மாறாமலேயே மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறார். 1997 வரை பழைய செங்கல்பட்டு, பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் முதல் புதிய செங்கல்பட்டு. தமிழ்நாட்டின் ராம்சார் ஈரநிலங்கள் 2022 தொடக்கம் வரை கோடியக்கரை ஒன்றுதான். அந்த ஓராண்டில் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை உள்ளிட்டவை சேர்ந்து 14 ஆனது, 2025 பிப்ரவரியில் 20. பாடநூலைப் பழுதில்லாத மூலமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே நேரடியாக மதிப்பெண்ணைப் பறிக்கிறது. பழைய புத்தகம், புதிய புத்தகம் இரண்டையும் படித்துவிட்டு எந்த எண்ணைக் குறிப்பது என்று தடுமாறுவது பலருக்கும் பழகிப்போன துன்பம்.

வரைபடத்தைப் படமாக மட்டும் பார்த்துப் பக்கத்தைத் திருப்புவது அடுத்த குறை. கொள்குறி வினாவில் வரைபடம் வரையச் சொல்வதில்லை என்பதால் இந்தப் பழக்கம் கண்டிக்கப்படாமலே போகிறது. துணையாறுகளின் முதலெழுத்தைச் சேர்த்து ஒரு சொல்லாக்கும் ஷார்ட்கட் பெயர்களைத் தரும். எது வலக்கரை, எது இடக்கரை, எது முதலில் சேர்கிறது என்று தராது. 'மேற்கிலிருந்து கிழக்காக வரிசைப்படுத்துக' என்று வினா வந்தால் அந்தச் சொல் அங்கேயே நின்றுவிடும். வெற்று வரைபடத்தில் ஓர் ஆற்றையும் அதன் துணையாறுகளையும் கையால் மூன்று முறை வரைந்தவருக்கு ஷார்ட்கட்டே தேவைப்படுவதில்லை. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இந்திய நிலப்பரப்பின் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகத் தருகிறது. பயிற்சி மையங்கள் அதை வகுப்பில் திறந்து காட்டாதது பெரிய இழப்பு.

இருப்பிடத்தையே பாடமாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தீர்க்கரேகை நல்ல சான்று. கூடுவாஞ்சேரி ஏறத்தாழ 80 பாகை கிழக்கில் இருக்கிறது. இந்திய நேரம் 82½ பாகைக்கானது. இடைவெளி இரண்டரைப் பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக, கூடுவாஞ்சேரியில் சூரிய நடுப்பகல் சராசரியாகப் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தையொட்டி வருகிறது. ஊர் 13 பாகை வடக்கை ஒட்டியிருப்பதால், சூரியன் உச்சந்தலைக்கு நேராக ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவையொட்டியும் வருகிறது. இந்த இரண்டையும் ஒரு கம்பத்தின் நிழலை வைத்துச் சரிபார்க்கலாம். சரிபார்த்தவர் நேர மண்டலக் கணக்கில் பிறகு தவறுவது அபூர்வம். இந்திய நிலஅளவையின் பெருங்கதையும் பக்கத்திலேயே தொடங்குகிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் தமது அடிக்கோட்டை அளந்தது பரங்கிமலைச் சமவெளியில்தான்.

பேரிடர் மேலாண்மை அலகில் மனப்பாட முறையின் பலவீனம் மிகத் தெளிவாகத் தெரியும். வெள்ளத்தின் வகைகள், நிறுவனங்களின் பெயர்கள், சட்டம் வந்த ஆண்டு என்று குறிப்பு போகும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. வடகிழக்குப் பருவமழையில் வங்கக்கடலின் ஈரத்தோடு வரும் காற்று கரையை ஒட்டிய நிலத்தில்தான் முதலில் கொட்டும். தென்மேற்குப் பருவத்தில் மலைமறைவில் கிடக்கும் இந்தக் கரை, ஆண்டு மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெறுகிறது. கூடுவாஞ்சேரியைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி ஆதனூர்ப் பக்கம் அடையாற்றின் தலைப்பகுதியில் சேர்கிறது. அந்த ஆறு வரதராஜபுரம், முடிச்சூர் வழியே போகிறது. ஏரிகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலங்களும் கால்வாய் ஓரங்களும் மனைகளாக விற்கப்பட்டிருந்தன. மூழ்கிய இடங்கள் பெரும்பாலும் இவையே. மழை, சரிவு, வடிகால், நிலப்பயன்பாடு என்ற நான்கையும் இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர், 'நகர்ப்புற வெள்ளத்தின் காரணங்கள்' என்ற வினாவுக்கு எந்த மாதிரி விடையையும் தேட வேண்டியதில்லை.

தவறான பொதுமைப்படுத்தலும் ஒருவரிக் குறிப்பின் விளைவு. 'சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும்' என்பது பரவலான வரி. 2004 டிசம்பர் 26-இல் தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் நடந்தது. ஆனால் கடலடித் தட்டின் மேலெழுந்த பகுதி மேற்குப் பக்கம் இருந்ததால், தமிழகக் கரைக்கு முதலில் வந்தது எழுந்த அலை. மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியது அலைகளுக்கு இடையில். கடல் உள்வாங்கினால்தான் ஆபத்து என்று நம்பும் ஒருவர் நாளை வருவாய்த் துறையில் கடலோரப் பொறுப்புக்கு வந்தால், அந்த வரி மதிப்பெண்ணோடு நிற்காது.

உள்ளூரைப் பாடமாக்குவதற்கும் எல்லை உண்டு. இமயமலை ஆறுகளோ, பாறைத்தட்டு நகர்வோ, சோட்டா நாக்பூரின் கனிமப் படிவோ, உலகக் காலநிலை மண்டலங்களோ செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடைக்காது. அங்கே நூலும் நிலவரைபடமும்தான் துணை. மத்தியக் குடிமைப்பணித் தேர்வுக்குப் போகிறவருக்கு இந்த எல்லை சீக்கிரம் தட்டுப்படும். அதன் முதல்நிலைத் தேர்வில் உலகப் புவியியலும் உண்டு, தவறான விடைக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பெண் கழிவும் உண்டு. 2023 தாளில் 'மேற்கண்டவற்றுள் எத்தனை சரி' என்ற வகை வினாக்கள் மிகுந்தன. ஒரு கூற்று தெரிந்தால் மற்றவற்றை விலக்கி விடையைக் கண்டுபிடிக்கும் தந்திரம் அவற்றில் பலிக்காது. அந்த முதல்நிலை வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்ற உரிமை, முதல் வாசலைத் தாண்டியவருக்கே பயன்படுகிறது. தமிழில் புவியியலை ஆழமாகப் படித்தவர், கருத்து முழுதும் தெரிந்திருந்தும் கலைச்சொல் தெரியாமல் அந்த வாசலில் மதிப்பெண் இழப்பது மாணவரின் குறை ஆகாது. இந்த நிலை மாறும்வரை வேறு வழியில்லை என்பதால், பாடநூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் தேர்வர்களின் பழக்கம் பாராட்டத்தக்கது.

மாநிலத்தின் குரூப் 1 முதன்மைத் தேர்வில், தமிழ்நாட்டைச் சிறப்பாகக் கருதும் இந்தியப் புவியியல், சுற்றுச்சூழலும் பேரிடர் மேலாண்மையும், இந்தியப் பொருளாதாரம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. விரிவாக எழுத வேண்டிய தாள் அது. முதல்நிலைக்காகச் சேர்த்த ஒருவரிக் குறிப்புகளோடு இந்தத் தாளுக்கு வருகிறவர், முதல்நிலை முடிவுக்குப் பிறகு கிடைக்கும் சில மாதங்களில் அதே பாடத்தைக் காரணத்தோடும் வரைபடத்தோடும் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. பாடநூலை வரிக்கு வரி படிக்கும் நாளிலேயே ஒவ்வொரு இயலுக்கும் ஒரு வெற்று வரைபடமும், எண் வரும் இடத்தில் அது எந்த ஆண்டுக்கு உரியது, யார் அளந்தது என்ற சிறு குறிப்பும் சேர்த்துக்கொண்டவருக்கு அந்த மாதங்கள் எழுத்துப் பயிற்சிக்கே மிஞ்சுகின்றன.