பெட்போர்ட் லொறியின் முகவெட்டு

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் தெருக்களில் இன்று சரக்கேற்றிப் போவன பெரும்பாலும் இசூசு, டாட்டா, லேலண்ட் வண்டிகளே. சந்தைக் கணக்கில் பெட்போர்ட் முடிந்துபோன பெயர். இருந்தும், லொறியை ரசிப்பதற்குரிய பொருளாகக் கொண்டால் இலங்கை வீதிகள் கண்டவற்றுள் அதற்கே முதலிடம் என்பேன். அந்த அழகை அமெரிக்காவின் கணக்கில் சேர்ப்பேன். பிரித்தானிய வண்டிக்கு அமெரிக்கப் பெருமையா என்று கேட்கலாம். 1931இல் அது பிறந்த லூட்டன் இங்கிலாந்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்த வொக்ஸோல் கம்பனியை ஜெனரல் மோட்டர்ஸ் 1925இலேயே வாங்கிவிட்டது. முதல் பெட்போர்ட்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின் செவர்லேயின் வழிவந்தது. 1953இல் வந்த டீஏ வரிசையின் கபினிலும், 1958இல் அதைத் தொடர்ந்த டீஜேயிலும் போருக்குப் பிந்திய செவர்லே லொறியின் சாயல் அப்பட்டம். முகவரி லூட்டன்; முகவெட்டு டெட்ராய்ட்.

அந்த முகவெட்டுத்தான் விஷயம். முன்னுக்கு நீண்ட பொனட், இருபுறமும் திரண்டு வளைந்த மட்கார்ட், அதன்பின் நிமிரும் கபின், எல்லாவற்றுக்கும் மேலாக உயரும் மரப் பொடி. தொழிற்சாலை சட்டத்தையும் எஞ்சினையும் முகப்பையும் கொடுத்தது. பொடியைத் தச்சு பாஸ்மார் இங்கேயே கட்டினார்கள். இன்றைய வண்டிகளுக்கும் இங்கே பொடி கட்டுகிறார்களே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் தட்டை முகக் கபினுக்குப் பின்னால் அது வெறும் பெட்டி. பொனட் வைத்த லொறியிலோ படிப்படியாக ஏறிவரும் கோட்டை பாஸ் தன் கண்ணளவால் தொடர வேண்டும். கபின் கூரைக்கு மேல் பலகை எவ்வளவு எழும்பலாம் என்பது ரசனை சார்ந்த தீர்ப்பு. 1960இன் டீகே வரிசை எஞ்சினை ஆசனத்துக்குப் பின்னால் தள்ளியது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், ஆனால் முகம் போயிற்று. பாகிஸ்தானில் இதே பெட்போர்ட்டை வர்ணத்தாலும் தகட்டு வேலையாலும் மூடி அலங்கரித்தார்கள். அந்தக் கோலாகலம் கண்ணைப் பறிக்கும். வண்டியின் கோடு அதற்குள் மறைந்துவிடுகிறது என்பது என் குறை.

இது இல்லாமையில் பிறந்த காதல், இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியதால் பழசைக் கட்டியழுதோம் என்பார்கள். பாதி உண்மை. கட்டுப்பாடு எல்லா வண்டிகளுக்கும் பொதுவானது, எல்லாம் தாக்குப்பிடிக்கவில்லையே. 1986இல் ஜெனரல் மோட்டர்ஸ் பிரித்தானியாவில் கனரக லொறித் தொழிலைக் கைவிட்டது, அதை வாங்கிய ஏடபிள்யூடி கம்பனியும் 1992இல் நொடித்தது. தாய்க் கம்பனியே இல்லாத பிறகும் பெட்போர்ட் ஓடியதென்றால், சாதாரண லேத் பட்டறையும் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகமும் போதுமானதாக அதன் இயந்திரம் எளிமையாக இருந்ததே காரணம். புகையையும் பிரேக்கையும் பற்றிச் சொன்னால் வாதாட மாட்டேன். பாரத்தோடு கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்க யாராவது இன்று ஒரு லொறி கேட்டால், இசூசுவைத்தான் காட்டுவேன்.