மீள்திறன் மதிப்பெண் எதை அளக்கிறது? லிட்மஸ்கேயாஸ் கருவியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

இயங்கும் மென்பொருளில் வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி, அதை அம்மென்பொருள் தாங்குகிறதா எனச் சோதிக்கும் முறை குழப்பப் பொறியியல் எனப்படும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் கேயாஸ் மங்கி என்னும் கருவியை 2012இல் திறமூலமாக வெளியிட்டபின் இம்முறை பரவலாயிற்று. கொள்கலன்களை நிருவகிக்கும் குபர்நெட்டீஸ் தளத்திற்கென இந்தியப் பொறியாளர்கள் முன்னின்று உருவாக்கிய லிட்மஸ்கேயாஸ், கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையில் 2020இல் தொடக்கநிலைத் திட்டமாக இணைந்து, 2022இல் வளர்நிலைக்கு உயர்ந்தது. ஆயத்தச் சோதனைகளைத் திரட்டி எவரும் எடுத்தாளும்படி வழங்கியது அதன் தலையாய பங்களிப்பாகும்.

ஆயினும், அது தரும் ‘மீள்திறன் மதிப்பெண்’ ஆராயத்தக்கது. ஒவ்வொரு சோதனைக்கும் பயனர் அளிக்கும் எடையும், அச்சோதனையின் வெற்றி விழுக்காடும் சேர்ந்தே அம்மதிப்பெண் அமைகிறது. நடத்தப்படாத சோதனைகளுக்கு இக்கணக்கில் இடமில்லை.

வழங்குநரே நிருவகிக்கும் தளங்களில் இக்குறை பெரிதாகிறது. அமேசானின் இகேஎஸ் தளத்தில் கட்டுப்பாட்டுப் பகுதி வழங்குநர் வசமுள்ளது. அதன் ஏபிஐ சேவையகத்தைப் பயனர் நிறுத்திப் பார்க்க இயலாது. ஃபார்கேட் முறையில் சிறப்புரிமைக் கொள்கலன்களுக்கும் இடமில்லாமையால், அவற்றைச் சார்ந்த பழுதுச் சோதனைகளும் கைகூடா. எளிதில் எஞ்சுவது, கொள்கலன்களைத் தாங்கும் ‘பாட்’ என்னும் சிற்றலகை நீக்கிப் பார்க்கும் சோதனையே. நீங்கியதன் இடத்தில் புதியதை அமர்த்துவது குபர்நெட்டீஸின் இயல்பான பணியாதலின், அச்சோதனையின் வெற்றி பெரிதும் தளத்தின் திறனையே காட்டுகிறது.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. ஒரு பேருந்து பழுதானால் மாற்றுப் பேருந்து வருமா என்பது ஒரு சோதனை; வளைவொன்றில் மண் சரிந்தால் என்னாகும் என்பது வேறொரு சோதனை. முன்னதில் பெற்ற வெற்றி பின்னதற்கு விடையாகாது. எல்லாப் படிகளும் ஒரே தரவுமைய வலயத்தில் இயங்கும் செயலிக்கும் இது பொருந்தும்.

கட்டுப்பாட்டுப் பகுதி வழங்குநரின் பொறுப்பு என்பது மறுதரப்பு வாதம். அது உண்மையே, ஆயின் சேவை நின்றால் ஒப்பந்தம் கட்டணச் சலுகையைத் தருமேயன்றி, நின்ற சேவையை இயக்காது. ஏபிஐ சேவையகத்தை நிறுத்த இயலாவிடினும், அதற்கான வலையமைப்பு இணைப்பைத் துண்டித்துச் செயலியின் போக்கை அறியலாம். இத்தகைய மாற்றுச் சோதனைகளும், சோதிக்க இயலாத பழுதுகளின் பட்டியலும் மதிப்பெண்ணுடன் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். அவையின்றி அம்மதிப்பெண்ணை மட்டும் நம்பிச் செயலியைப் பொதுப் பயன்பாட்டிற்கு விடுவது ஏற்புடையதன்று.