சிக்கனம் யாருக்கு உரைக்கப்பட்டது?

சிக்கனத்தைப் பழிப்பார் எவருமிலர். வரவறிந்து செலவிடுக, கடன்படாது வாழ்க, நாளைக்கென்று சிறிது சேமித்து வைக்க என்ற அறிவுரைகள் நம் பாட்டிமாரின் வாய்மொழியிலிருந்து இன்றைய குடும்ப வரவு செலவு நூல்கள் வரை இடையறாது தொடர்ந்து வருகின்றன. வார இதழ்களின் குடும்பப் பக்கங்கள், வானொலிப் பேச்சுகள், வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்கள் யாவும் இவற்றையே சொல்கின்றன. இவற்றை அறிவுரை இலக்கியம் என்னும் தனியொரு வகையாகக் கொண்டு ஆராய்வது தகும். இலக்கியத்தை ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்தச் சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது?

இவ்வகை எழுத்தின் அமைப்பு எப்போதும் ஒன்றே. இதில் இரு பாத்திரங்களே உண்டு. ஒருத்தி வரவை மீறிச் செலவிட்டுக் கடனில் அமிழ்பவள். மற்றொருத்தி கொப்பியில் கணக்கெழுதி மீள்பவள். முன்னவள் பின்னவளாக மாறுவதே கதை. கடன் கொடுத்தவன் இக்கதையில் தோன்றுவதில்லை. கூலி நிர்ணயித்தவனும் அரிசிக்கு விலை வைத்தவனும் தோன்றுவதில்லை. ஒரு நாவலாசிரியன் இவ்வாறு எழுதியிருந்தால் யதார்த்தம் அறியாதவன் என்று நம் விமர்சகர்கள் அவனைத் தள்ளியிருப்பார்கள். அறிவுரையாளனுக்கு மட்டும் இச்சலுகை ஏன்?

இவர்கள் தவறாமல் துணைக்கழைப்பது வள்ளுவரை. வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதவரை கேடில்லை என்ற பொருளுடைய 478ஆம் குறளைக் குடும்பத் தலைவிக்குரிய வாக்காக எடுத்தாள்வர். ஆனால் அக்குறள் இருக்குமிடத்தைப் பாருங்கள். அது இல்லறவியலில் இல்லை; பொருட்பாலில் அரசியல் என்னும் இயலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. தன்வலி, மாற்றான்வலி, துணைவலி ஆகியவற்றைச் சீர்தூக்கும் அரசனுக்குச் சொன்ன அதிகாரம் அது. பரிமேலழகரும் அக்குறளுக்கு அரசரை முன்னிறுத்தியே உரை கண்டார். ஆள்வோனுக்கு விடுத்த எச்சரிக்கையின் முகவரியை அழித்து, அடுப்படியில் நிற்பவளின் பெயரை எழுதிவிட்டோம்.

இம்முகவரி மாற்றம் எத்துணைக் கொடியது என்பதை அறியக் கல்முனைக் கரையோரத்தைப் பார்ப்போம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த பெரும்போக நெல் மாசி, பங்குனியில்தான் களத்துக்கு வரும். அதே மாரி மாதங்களில் வாடைக்காற்றால் கடலும் கொந்தளிக்கும். விவசாயக் கூலியின் கையும் மீனவனின் கையும் ஒரே காலத்தில் வெறுமையாகின்றன. மருதமுனையின் கைத்தறிச் சாறன் நாடறிந்தது. ஆனால் நூலைக் கடனாகத் தருபவரே துணியையும் கொள்பவராக இருக்குமிடத்தில் நெய்பவனின் வரவை நிர்ணயிப்பது அவனன்று. வயிறோ நாள்தோறும் பசிக்கிறது. மாதச் சம்பளக்காரனை மனத்திற்கொண்டு வகுத்த வரவு செலவுத் திட்டம், ஆண்டில் சில மாதங்களே வரவு காணும் இக்குடும்பங்களுக்கு எவ்வாறு பொருந்தும்? இங்கே கடைக் கொப்பியும் அடகு வைத்த காப்பும் அயலாருடன் பிடிக்கும் சீட்டுமே இரு போகங்களுக்கு இடைப்பட்ட பாலங்கள். அவற்றை ஊதாரித்தனம் என்பது அறியாமை.

இப்பாலங்களையும் உடைத்த ஆண்டுகள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடும் தறியும் வள்ளமும் ஒரு காலைப் பொழுதில் போயின. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தது. அவ்வாண்டுப் பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் தொட்டன. எந்தக் கொப்பியில் எந்தச் செலவை வெட்டி ஒரு தாய் இதைச் சமாளித்திருக்க முடியும்?

இவ்வெற்றிடத்திற்குள்தான் நுண்கடன் புகுந்தது. அண்டை வீட்டுப் பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கி, கிழமைதோறும் வாசலுக்கு வந்து தவணை வாங்கும் முறை அது. இதன் கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு இலட்சம் ரூபாவை 24 வீத வட்டியில் 52 கிழமைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்க. வட்டியோடு 1,24,000 ரூபா; கிழமைக்கு ஏறத்தாழ 2,385 ரூபா. வட்டி என்னவோ முழு இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் அவள் கையில் இருப்பது அரை இலட்சம் அளவே. ஆகவே 24 என்று சொல்லப்பட்ட வட்டி உண்மையில் 40 வீதத்தைத் தாண்டுகிறது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர், நுண்கடன் வட்டி 220 வீதம் வரை சென்றிருப்பதைச் சுட்டினார். அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி உரிமம் பெற்ற நுண்நிதி நிறுவனங்களுக்கு 35 வீத உச்சவரம்பு விதித்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் இக்கடனுக்கெதிராகப் பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். கல்முனைப் பெண்ணும் ஹிங்குராக்கொடைப் பெண்ணும் மொழியாலும் மதத்தாலும் வேறுபட்டவர்கள். அவர்களுடைய தவணை அட்டை ஒன்றே.

பள்ளிவாசல் பிரசங்கங்களில் வட்டி ஹராம் என்று சொல்வது சரியே. ஆயினும் அச்சொல் பெரும்பாலும் வாங்கியவளையே சுடுகிறது. குர்ஆனின் அல்-பகரா அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். 280ஆம் வசனம் கடன் கொடுத்தவனை நோக்கிப் பேசுகிறது: கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு, விட்டுவிடுவது இன்னும் நல்லது என்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய 282ஆம் வசனமோ கடனை எழுதிவைப்பது பற்றியது. அங்கே வாசகத்தைச் சொல்ல வேண்டியவன் கடன்பட்டவன். எழுத்தன் நீதியோடு எழுத வேண்டும். இன்று கொடுத்தவன் தன் மொழியில் அச்சிட்டுக் கொண்டுவந்த படிவத்தில், அதைப் படித்தறியாதவள் கையொப்பமிடுகிறாள். அத்-தவ்பா 60ஆம் வசனம் ஸக்காத்துக்கு உரியவர்கள் எண்மருள் கடனாளியையும் சேர்த்திருக்கிறது. பிரசங்கத்தில் கண்டிக்கப்படும் அவள், ஸக்காத் நிதியில் உரிமையுடையவள்.

மற்றொரு முகவரி மாற்றத்தையும் மறைக்கலாகாது. அது நம் சொந்த வீட்டுக் குற்றம். ஆடம்பரத் திருமணத்தைத் தவிருங்கள் என்கிறது அறிவுரை. இக்கரையில் பெண்ணைப் பெற்றவனை அழுத்துவது விருந்துச் செலவு மட்டுமன்று. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுக்க வேண்டிய வழக்கமும் அதன்மேல் கேட்கப்படும் கைக்கூலியும் ஆகும். மஹர் கொடுக்கக் கட்டளை பெற்றவன் மணமகன். கடன்படுகிறவர் மணமகளின் தந்தை. பெண்ணுக்குச் சொந்த வீடு என்பது அவளுக்கொரு பாதுகாப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் சுமை ஒரு பக்கமே சாய்வதை எந்தத் தனிக் குடும்பமும் தன் கொப்பியில் கணக்கெழுதி மாற்ற முடியாது. இளைஞர்கள் சேர்ந்து மறுத்தால்தான் மாறும். இதை வாசிக்கும் மாணவருள் நாளைய மணமகன்மாரும் இருக்கிறார்கள்.

இனி ஆள்வோரின் கணக்கைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அரசு செலுத்த இயலாது போனதற்குப் பெயர் மறுசீரமைப்பு. கடன் கொடுத்தோருடன் மேசையில் அமர்ந்து தவணையை நீட்டிக் கொள்வது இராஜதந்திரம் எனப்பட்டது. இரண்டு தவணை தவறிய பெண்ணுக்கோ வாசலில் வசவு. அரசு தன் செலவைக் குறைப்பதற்கென்று 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணத்தைச் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தியபோது அச்சுமை அவள் வீட்டு விளக்கிலும் வந்திறங்கியது. 478ஆம் குறளின் உண்மையான முகவரி எதுவென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் வீட்டுக் கணக்கு வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும்; ஐயமில்லை. எவனுக்கு எவ்வளவு, எந்த வட்டியில் என்பதை எழுதிவைப்பவள் ஏமாறுவது குறைவு. வட்டி மிகுந்த கடனை முதலில் அடைப்பதும், ஒரு தவணையைக் கட்ட மற்றொரு கடன் வாங்காதிருப்பதும், அறுவடைப் பணத்தில் மாரிக்கென்று ஒரு பங்கை ஒதுக்குவதும் நல்ல முறைகளே. ஆனால் அக்கணக்கு அவளைக் குற்றவாளியாக்கும் சாட்சியமாகாமல், அவள் கையிலுள்ள ஆயுதமாக வேண்டும். 1875இல் பூனா மாவட்டத்துச் சூப்பேயில் எழுந்த தக்காண விவசாயிகள் வட்டிக்காரர் வீடுகளில் தேடியது கடன் பத்திரங்களையே. அவற்றைக் கைப்பற்றிக் கொளுத்தினார்கள். அதன்பின் 1879இல் வந்த சட்டம், பத்திரத்தின் பின்னுள்ள கடன் வரலாற்றை ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது. ஏட்டை எழுதுபவன் யார் என்பதே வழக்கு என்று அவ்விவசாயிகள் அறிந்திருந்தனர்.

நம் நாட்டிலும் வேறு வழி எண்ணப்படாமலில்லை. 1958இன் நெற்காணிச் சட்டமும், கூட்டுறவுக்கும் கிராமியக் கடனுக்குமென 1961இல் நிறுவப்பட்ட மக்கள் வங்கியும் கடனைத் தனிமனிதனின் ஒழுக்கப் பிரச்சினையாகக் காணாது சமுதாயப் பிரச்சினையாகக் கண்ட காலத்தின் பிள்ளைகள். அந்நோக்கு தேய்ந்தபோதுதான் அறிவுரை நூல்கள் பெருகின.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் வகுப்பறைக் கரும்பலகையில் மேற்சொன்ன 52 கிழமைக் கணக்கை ஒருமுறை எழுதுங்கள். மாலையில் உங்கள் ஒழுங்கையில் உள்ள ஒரு தாயிடம் சென்று, அவள் சொல்லச் சொல்ல அவளுடைய கடன்களை அவள் மொழியில் எழுதிக் கொடுங்கள். பத்து வீடுகளின் ஏடுகள் சேர்ந்தால் ஊரின் கணக்கு தெரியும். அந்தக் கணக்கைக் கூட்டுறவுச் சங்கத்திலும், பள்ளிவாசல் ஸக்காத் நிதியிலும், பிரதேச செயலகத்திலும் வைத்து வாதாட முடியும். அதன்பிறகு சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோம். முதலில் அரசனிடம், பிறகு கடன் கொடுத்தவனிடம், கடைசியாக அவளிடம்.