பெட்டிக்குள் ஒரு வார்ப்பு

கோவை கணபதியில் வார்ப்புக்கான பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா, 'விட்சர் 3' வீடியோ கேமின் கலெக்டர்ஸ் எடிஷன் சிலையைக் கையில் வாங்கியதும் விலை கேட்கவில்லை. தலைகீழாகத் திருப்பினார். இறக்கைக்கு அடியில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "அச்சு சேர்ற கோடே தெரியல கண்ணு. நல்லாத் தேச்சிருக்காங்க."

2015இல் 150 டாலருக்கு வந்த பெட்டி அது. கல்பொடி கலந்த ரெசினை அச்சில் ஊற்றி, கையால் வண்ணம் பூசிய சிலை. விளையாட்டின் நாயகன் கெரால்ட், சிறகு விரித்த கிரிஃபின் என்ற கற்பனை விலங்கோடு மோதுகிறான். கூடவே ஓநாய்த்தலைப் பதக்கம், 200 பக்க ஓவியப் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாட்டு டிஸ்க்.

நகைக்கடையில் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறோமே, இந்தப் பெட்டிகளையும் அப்படித்தான் கேட்க வேண்டும். சிலைக்குக் கொடுப்பது செய்கூலி, மனசாரக் கொடுக்கலாம். ஆனால் 2018இல் 'ஃபால்அவுட் 76' விளையாட்டின் 200 டாலர் பதிப்புக்குக் கேன்வாஸ் பை என்று விளம்பரம் செய்துவிட்டு நைலான் பையை அனுப்பினார்கள். 2022இல் 'காட் ஆஃப் வார் ராக்னராக்' கலெக்டர்ஸ் பெட்டியில் அழகான ஸ்டீல் உறை இருந்தது, அதற்குள் டிஸ்க் இல்லை. டவுன்லோட் கோடு மட்டும். இதெல்லாம் வெறும் சேதாரம்.

முன்பதிவு செய்யுமுன் பெட்டியின் உள்ளடக்கப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். டிஸ்க் இல்லையென்றால் வாங்காதீர்கள்.