வகுப்பறையில் ஒரு கதையும் இரண்டு படங்களும்

கதையைப் படித்து இன்புறுதல் ஒன்று; அதனைப் பிறர்க்குப் பாடமாகச் சொல்லுதல் மற்றொன்று. முன்னதற்கு மனம் ஒன்றே போதும். பின்னதற்கோ மனத்தோடு பொறுப்பும் வேண்டும். மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டக் குடும்பமொன்றிற் பிறந்து, இப்போது ஆசிரியப் பயிற்சி பெற்றுவரும் நான், வகுப்பிற் பயின்ற ஒரு சிறுகதையையும் இரண்டு திரைப்படங்களையும் பற்றிச் சில கருத்துகளைத் தமிழாசிரியப் பெருமக்கள் முன் வைக்க விழைகிறேன். சிறுகதை கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. படங்களுள் ஒன்று, ஈரான் நாட்டு இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’. மற்றொன்று, நம் நாட்டுச் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’.

கதையை வகுப்பில் வைத்துப் பயிலுதல் இந்நாட்டுத் தமிழர்க்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டிலேயே சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ இதழ் வாயிலாகக் ‘கதை வகுப்பு’ நடத்தி எழுத்தாளரை உருவாக்கினர். 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்று மலாயா வந்த அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்து, இளம் எழுத்தாளரோடு அமர்ந்து கதைக்கலையை ஆராய்ந்தார். அவ்விதழ் 2019இல் நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வகுப்பு விட்டுச்சென்ற வினா நிற்கவில்லை. கதையை எங்ஙனம் கற்பது? எங்ஙனம் கற்பிப்பது?

இன்று நம் வகுப்பறைகளில் வழங்கும் முறை யாவரும் அறிந்ததே. கருப்பொருள், துணைக் கருப்பொருள், பாத்திரப் படைப்பு, பின்னணி, உத்தி, படிப்பினை என்னும் தலைப்புகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணாக்கர் ஒவ்வொன்றன்கீழும் இரண்டு வரி எழுதி மனப்பாடஞ் செய்கின்றனர். தேர்வுக்கு இம்முறை உதவும், மறுப்பார் இலர். ஆனால் கதை மாணாக்கன் நெஞ்சுக்குள் சென்றதா என்பதை அறிய இஃது உதவுமா? உதவாது என்பதை என் பட்டறிவாலேயே கண்டேன்.

கதையின் உயிர் மெய்ப்பாட்டில் உள்ளது என்பது தொல்காப்பியர் நமக்குக் காட்டிய நெறி. எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகைக்கு அவர் நான்கு நிலைக்களன்களைக் கூறுவர். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் எளியராக எண்ணப்படுதல் இளிவு. உள்ளதை இழத்தல் இழவு. பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துதலை அசைவு என்று பேராசிரியர் விளக்குவர். வறுமைக்கு விளக்கம் வேண்டா. நான் பயின்ற மூன்று படைப்புகளையும் இந்நான்கின் துணைகொண்டு நோக்கியபோது, தலைப்புப் பட்டியல் காட்டாத ஒன்று புலனாயிற்று.

முதலில் ‘அன்பளிப்பு’. 1970ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தொகுப்பின் பெயர்க்கதை இது. கதை சொல்பவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவர்களுட் சிலருக்கு டைரி கொண்டுவந்து தருகிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்குத் தருவதில்லை. அவனோ மீண்டும் மீண்டும் வேண்டி, அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான், உபசரிக்கிறான், பிறகு தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அவர் அன்பளிப்பாகத் தந்ததாக அதில் எழுதித் தரும்படி கேட்கிறான். கதை அவ்விடத்தில் முடிந்துவிடுகிறது.

இங்கே வறுமை இல்லை, இழவும் இல்லை. இருப்பது இளிவு ஒன்றே. அதனையும் கொடியவன் எவனும் செய்யவில்லை. குழந்தைகளை நேசிக்கும் நல்லவர் ஒருவரே அறியாமற் செய்கிறார். ‘பாகுபாடு காட்டலாகாது’ என்று நான் இக்கதைக்குப் படிப்பினை எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்றேன். இன்று அந்த விடையை எண்ணினால் நாணமாக இருக்கிறது. ஏனெனில், அந்நல்லவர் பாகுபாடு காட்டுவதாகத் தம்மை ஒருபோதும் எண்ணியவர் அல்லர். அழகிரிசாமி அவர் வாயாலேயே கதையைச் சொல்லவைத்ததன் திறம் இதுதான். படிக்கும் நாமும் அவரோடு சேர்ந்தே அச்சிறுவனைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம். கடைசியில் அவரோடு சேர்ந்தே திகைக்கிறோம்.

அடுத்து மஜீதியின் படம். அலி என்னும் சிறுவன் தங்கை சாராவின் காலணியைத் தொலைத்துவிடுகிறான். புதியது வாங்கத் தந்தையிடம் பணமில்லை என்பதை இருவரும் அறிவர், ஆகவே மறைக்கின்றனர். ஒரே சோடிக் காலணியை முறைவைத்து அணிந்து பள்ளி செல்கின்றனர். தங்கை ஓடிவந்து கழற்றித் தந்த பின்னரே அவன் ஓடவேண்டும். ஆதலால் அவனுக்கு நாள்தோறும் தாமதம். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்றறிந்து மூன்றாமவனாக வர ஓடுகிறான், முதல்வனாக வந்துவிடுகிறான். ஊரார் தோளில் தூக்குகின்றனர், அவனோ அழுகிறான். இழவும் வறுமையும் இணைந்த அழுகை இது. வெற்றியே துயரத்துக்கு ஏதுவாவதைச் சொல்லால் விளக்கப் பல பக்கம் வேண்டும். படம் அதனை ஒரு முகத்தில் காட்டிவிடுகிறது. இப்படத்திற் குறையாக ஒன்று சொல்லலாம். தந்தை வாங்கிய புதுக் காலணிகளை இறுதியில் நமக்குக் காட்டி, நம் நெஞ்சின் பாரத்தை இயக்குநரே இறக்கிவைத்து விடுகிறார். அழகிரிசாமி அத்தகைய ஆறுதலைத் தரவில்லை.

‘ஜகாட்’ நம் வீட்டுக் கதை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அந்நாள் தொட்டு வளர்ந்த தோட்ட வாழ்வு, பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டும், நிலம் கைமாறியும் சிதைந்தபோது, லயங்களை விட்டுப் புறப்பட்டவர் பலர். 1990களின் தொடக்கத்தில் அவ்வாறு வெளியேறிய ஒரு குடும்பத்தின் சிறுவன் அப்போய். அவன் படித்து முன்னேறவேண்டும் என்று தந்தை மணியம் கடுமை காட்டுகிறார். சிற்றப்பன்மாருள் பாலா போதையிற் சீரழிந்தவர். துரை குண்டர் கும்பலைச் சேர்ந்தவர். சிறுவனின் கண் துரையின்மீதே செல்கிறது. இங்குள்ளது அசைவு. ஒரு குடும்பமே பழைய நிலை கெட்டு, புதிய நிலையும் வாய்க்காமல் தவிக்கிறது. தந்தையின் பிரம்பும் அத்தவிப்பின் வெளிப்பாடே.

‘கெட்டது’ என்னும் பொருளுடைய மலாய்ச்சொல் நம்மவர் நாவில் திரிந்து வழங்குவதே இப்படத்தின் பெயர். உரையாடலும் நாம் வீட்டிலும் தெருவிலும் பேசும் மலேசியத் தமிழே. தமிழாசிரியர் சிலர் இதனை மொழிக்கேடு என்பர். பேச்சைப் பேச்சாகப் பதிவு செய்தல் கேடாகாது. அவ்வாறு பேசும் பிள்ளையே நாளை நம் முன் வந்து அமர்கிறான் என்பதை மறத்தலே கேடு. 2016இல் நடைபெற்ற 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் இது சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. ஆயினும் வன்முறையும் போதையும் விரவிய இதனைத் தொடக்கப்பள்ளி மாணாக்கர்க்குக் காட்டுதல் தகாது. இது பிள்ளைகளுக்குரிய படமன்று. பிள்ளைகளைக் கையில் ஏற்கப்போகும் எம்போன்றார்க்குரியது.

பயிற்சிக்காக நான் சென்ற பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணாக்கர்க்கு மஜீதியின் படத்தைக் காட்டினேன். முடிந்ததும் வழக்கம்போல், “படிப்பினை என்ன?” என்றேன். “விடாமுயற்சி வெற்றி தரும்” என்று பலர் ஒரே குரலிற் கூறினர். அலி வெற்றியால் அழுதவன் என்பது அவர்கள் நினைவில் இல்லை. கரும்பலகையே நினைவில் இருந்தது. அப்போது ஒரு சிறுமி, “அவன் ஏன் சார் அவங்க அப்பாகிட்ட சொல்லல?” என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான்: “சொன்னா மட்டும்? அப்பா காசுக்கு எங்க போவாரு?”

அப்பையன் பெயரை நான் நன்கறிவேன். தாமதமாக வருவோர் பட்டியலில் அதனை மும்முறை எழுதியவனே நான்தான். காரணம் கேட்டதில்லை. அன்று கேட்டேன். தாய் இருட்டோடு வேலைக்குப் போய்விடுகிறாராம். தம்பியைப் பாட்டி வீட்டிற் கொண்டுபோய் விட்டுவிட்டே அவன் பள்ளிக்கு வரவேண்டுமாம். மஜீதியின் படத்திலும் தலைமையாசிரியர் அலியைத் தாமதத்துக்காகத் திருப்பி அனுப்புகிறார். அவனுடைய ஆசிரியர் பரிந்து பேசி மீட்கிறார். அக்காட்சியை வகுப்பில் இரண்டு முறை பார்த்துக் குறிப்பெடுத்திருந்தும், நான் தலைமையாசிரியர் பக்கமே நின்றிருக்கிறேன்.

நன்னூலார் மாணாக்கரை எட்டுப் பொருள்களோடு ஒப்பிடுவர். சொன்னதையே சொல்லும் கிளி இடை மாணாக்கன். நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி கடை மாணாக்கன். இவ்வொப்பீடு மாணாக்கர்க்கு என்றே எண்ணியிருந்தேன், ஆசிரியர்க்கும் பொருந்தும். படிப்பினையை மட்டும் பிடித்துக்கொண்டு கதையை ஒழுகவிடும் பாடம் நெய்யரிப் பாடமே. அதனால் விளைவது கிளிப் பேச்சு.

தலைப்புப் பட்டியலை அடியோடு நீக்குக என்பது என் கருத்தன்று. தேர்வு உள்ளவரை அது வேண்டும். அதனைக் கடைசிக்குத் தள்ளுக என்பதே என் வேண்டுகோள். முதலில், ‘இக்கதையில் வருந்துபவர் யார்? அவர் வருந்துவதை அருகிலிருந்தும் காணாதவர் யார்?’ என்று கேட்போம். சாரங்கனைக் காணாதவர் அவனை நேசித்தவர். அலியின் ஓட்டத்தை அறியாதது பள்ளி. அப்போயின் மனத்தைக் காணாதவர் அவனுக்காகவே உழைத்த தந்தை. இவ்வினாவை எழுப்பிய வகுப்பில் மாணாக்கன் தன் கதையையும் சொல்லத் தொடங்குகிறான். அதைக் கேட்டபின் தாமதப் பட்டியலில் அவன் பெயரை எழுதுவதற்குமுன் நம் கை சிறிதேனும் தயங்குமாயின், அக்கதை நன்கு பயிலப்பட்டது என்று கொள்ளலாம்.