வவுச்சரை நீங்கள் எடுங்கள்

ஹை-எண்ட் ஆடியோ என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. அங்கே ஆம்ப்ளிஃபையர் விலை லட்சத்தில் ஆரம்பித்து, கேட்டால் நாக்கு உலர்ந்துபோகும் இடம்வரை போகும். ஸ்பீக்கர் ஆளுயரம் நிற்கும். இரண்டையும் இணைக்கிற ஒயருக்கே ஒரு டூ-வீலர் விலை சொல்வார்கள். சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, விளக்கைக் கொஞ்சம் தணித்து, ஒரு பாட்டுப் போடுவார்கள். என்ன பாட்டு என்று, நீங்கள் எந்த ஊர் ஷோரூமுக்குப் போனாலும், இங்கே உட்கார்ந்தபடியே என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. 1976ல் வந்த ஒரிஜினல் அல்ல. பிரிந்துபோனவர்கள் மறுபடி சேர்ந்து 1994ல் வெளியிட்ட ‘ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’ ஆல்பத்தின் மேடை வடிவம். அது இல்லை என்றால் ஸ்டாக்ஹோமின் ஸ்டாம்பன் கிளப்பில் 1976 டிசம்பரில் பதிவான ‘ஜாஸ் அட் தி பான்ஷாப்’ (அந்த இடம் ஒரு காலத்தில் நிஜமாகவே அடகுக் கடை). அல்லது டெலார்க் கம்பெனி 1978ல் சின்சினாட்டி இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்த சைக்காவ்ஸ்கியின் ‘1812’, நிஜ பீரங்கி வெடிகளுடன். அல்லது ரை கூடரும் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்து வாசித்து 1993ல் வந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’.

படத்துக்கு விமரிசனம் எழுதுகிறோம். டிரெய்லருக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் டிக்கெட் விற்றுக் கொடுப்பது டிரெய்லர்தான். எனவே இந்த வாரம் டெமோ பாட்டுகளுக்கு விமரிசனம்.

முதலில் ஈகிள்ஸ். அகூஸ்டிக் கிடார் ஒவ்வொரு தந்தியாகச் சிணுங்க, சுற்றிலும் ஜனங்களின் ஆரவாரம். கொஞ்ச நேரத்தில் ‘தும்’ என்று அடிவயிற்றில் ஓர் அடி. சோபாவில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் பாதி வியாபாரம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ‘தும்’ சுமாரான ஸ்பீக்கரிலும் ‘தும்’ என்றுதான் விழும். அப்படி விழுகிற மாதிரிதான் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடகுக் கடை ஜாஸில் கிளாஸ்கள் மோதும் சத்தமும் மேஜைப் பேச்சும் துல்லியமாகக் கேட்கும். ஆர்னே டொம்னெரஸ் குழுவினர் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் ஜாஸ் சரித்திரத்தில் அந்த ரிக்கார்டுக்கு இருக்கும் இடத்தைவிட ஷோரூமில் இருக்கும் இடம் ரொம்பப் பெரிது. சங்கீதத்துக்காக வாங்கினவர்களைவிட கிளாஸ் சத்தத்துக்காக வாங்கினவர்கள் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

‘1812’ இசைத்தட்டின் உறையில் எச்சரிக்கையே அச்சடித்திருந்தார்கள்: பீரங்கிச் சத்தம் உங்கள் ஸ்பீக்கரைப் பதம் பார்க்கலாம் என்று. எச்சரிக்கையே விளம்பரம் ஆகிவிட்டது. வெடிக்கிற இடத்தில் பல ப்ளேயர்களில் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிக் குதித்தது. நம் வீட்டில் பீரங்கி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க அசல் இல்லாத சத்தத்தைப் போட்டால் தப்புச் சொல்ல ஆளில்லை.

நாலில் நல்ல சங்கீதம் என்று நான் தயங்காமல் சொல்வது கடைசி ஒன்றைத்தான். இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் தன் வாட்டர் லில்லி கம்பெனிக்காக, கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் பதிவு செய்தது. பதிவுக்குச் சற்று முன்புதான் இருவரும் முதல் தடவையாகச் சந்தித்தார்கள். இவர் கிடாரும் அவர் மோகன வீணையும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது அப்படியே கேட்கிறது. 1994ல் கிராமி வாங்கியது. வாங்கிக் கேளுங்கள். ஆனால் ஸ்பீக்கரைச் சோதிக்க? அங்கேதான் சிக்கல்.

இந்த நாலில் பீரங்கியை ஒதுக்கிவிட்டால், மற்ற மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை. குறைந்த வாத்தியங்கள், நிறைய இடைவெளி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சத்தங்கள். வீட்டில் நாலே நாற்காலி இருந்தால் யார் அடுக்கினாலும் ஒழுங்காகத்தான் தெரியும். கூட்டுக் குடும்பத்துச் சாமானை அடுக்கச் சொன்னால்தான் சாமர்த்தியம் தெரியும்.

பி.காமில் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று ஒரு சமாசாரம் சொல்லித் தருவார்கள். பாலன்ஸ் ஷீட்டில் பொய் எழுத வேண்டாம். இருக்கிறதிலேயே அழகானதை மார்ச் 31 அன்று முன்னால் வைத்தால் போதும். டெமோ பாட்டு அந்த ரகம். பொய் இல்லை, பொறுக்கி எடுத்த உண்மை. ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு மருந்தும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வவுச்சர்களில் சிலதைத்தான் ஆடிட்டர் சரிபார்க்க முடியும். எந்தச் சிலது என்பதை ஆடிட்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கணக்கர் எடுத்துக் கொடுத்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பேர் ஆடிட் இல்லை.

இந்த வித்தை புதிதும் இல்லை. 1915 முதல் எடிசன் கம்பெனி அமெரிக்காவில் ஊர் ஊராக ‘டோன் டெஸ்ட்’ நடத்தியது. மேடையில் ஒரு கிராமஃபோன், பக்கத்தில் பாடகி. இருவரும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். விளக்கை அணைப்பார்கள். மறுபடி விளக்கு வரும்போது பாட்டு நிற்காமல் வந்துகொண்டிருக்கும், பாடகியைக் காணோம்! ஜனங்கள் மிரண்டு கை தட்டினார்கள். அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ் பல வருஷம் கழித்து ரகசியத்தைச் சொன்னார்: மெஷின் தன்னைப் போல ஒலிக்கவில்லை, தான்தான் மெஷினைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு பாடியதாக. நூறு வருஷத்துக்கு அப்புறம் விளக்கு தணிவது மட்டும் மாறவில்லை.

எந்தப் பாட்டு ஸ்பீக்கரின் குட்டை உடைக்கும் என்று முறையாக ஆராய்ந்தவர் ஷான் ஆலிவ். ஹார்மன் கம்பெனியில் இருந்தவர். அவர் கண்டது: ஓரிரு வாத்தியங்கள் மட்டும் வரும் பதிவுகளில் குறை பிடிபடுவது கஷ்டம். அடியிலிருந்து உச்சிவரை எல்லா ஸ்தாயியும் நிரம்பிய பதிவுகளில் சுலபமாகப் பிடிபடும். இதில் முதலிடம் ‘பிங்க் நாய்ஸ்’ என்கிற, மழை கொட்டுகிற மாதிரியான வெறும் இரைச்சலுக்கு. பாட்டுகளில் ட்ரேஸி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’ (1988). இரைச்சலைப் போட்டு எந்தக் கடைக்காரர் ஸ்பீக்கர் விற்பார், சொல்லுங்கள்.

அவரும் ஃப்ளாய்ட் டூலும் 1994ல் இன்னொன்று செய்தார்கள். தங்கள் கம்பெனி ஊழியர்கள் நாற்பது பேரை உட்கார வைத்து ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு தடவை கண் எதிரே. பெரிசாக, பார்வையாக இருந்தவற்றுக்குக் கண் திறந்ததும் மார்க் ஏறியது. சின்னதாக, விலை குறைவாக இருந்ததற்கு இறங்கியது. ஸ்பீக்கர் செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் காதே அந்த லட்சணம் என்றால், சோபாவில் காபியோடு இருக்கும் நாம் எம்மாத்திரம்.

இதற்கு மேல் வால்யூம். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் சரியாகக் கேட்காது என்பதை பெல் லேபின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றைத் துளி சத்தமாக வைத்தால் ‘சத்தமாக இருக்கிறது’ என்று தோன்றாது. ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மீட்டர் இருக்கிறது. இல்லை என்றால் ரிமோட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, வவுச்சர்களுக்கு வருவோம். இப்போது பெரும்பாலான ஷோரூம்களில் டேப்ளட்டில் தட்டினால் எந்தப் பாட்டும் வரும். அதனால் ‘அது எங்களிடம் இல்லை சார்’ என்று சொல்ல முடியாது. நான் எடுக்கச் சொல்வது ஐந்து.

ஒன்று, தம்புரா. ஒரு கச்சேரிப் பதிவில் பாட்டு ஆரம்பிக்கும் முன் வரும் சில விநாடிகள். நாலு தந்திக்குள் எத்தனையோ உபஸ்வரங்கள் பின்னிக்கிடக்கும். நல்ல ஸ்பீக்கரில் அது ஒரு கூடம் மாதிரி விரியும். மோசமானதில் கொசு.

இரண்டு, தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் தொப்பியில் கையை அழுத்தித் தேய்க்கும்போது வருகிற கும்கி, ஸ்வரமாக வளைந்து ஏற வேண்டும். வெறும் ‘பூம்’ என்று வந்தால் அந்த பேஸ் வீங்கின பேஸ். கூடவே கடமும் கஞ்சிராவும் இருந்தால் எது மண், எது தோல் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிய வேண்டும். பீரங்கிக்கு இல்லாத வசதி இதற்கு உண்டு. எந்த சபாவிலும் கோயிலிலும் அசலைக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று, ‘தளபதி’யின் (1991) ‘ராக்கம்மா கையத் தட்டு’. தாள வாத்தியம், வயலின் கூட்டம், கோரஸ், இரண்டு பாடகர்கள், நடுவே தேவாரம். கூட்டுக் குடும்பம் என்றேனே, இதுதான். பாடுபவர்கள் உச்சத்தில் இருக்கும்போது பின்னால் வயலின்கள் என்ன செய்கின்றன என்று தனியாகப் பின்தொடர முடிகிறதா? முடிந்தால் நல்ல பெட்டி. எல்லாம் சேர்ந்து களியாகிவிட்டால் விலையைக் கேட்காதீர்கள்.

நான்கு, பழைய மோனோ ரிக்கார்டு. ‘ஹரிதாஸ்’ (1944) பாகவதர் பாட்டு ஏதாவது. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தம் போவதால் பாகவதர் நடு மத்தியில், சுவருக்கு முன்னால் நின்று பாட வேண்டும். இடமும் வலமுமாக அலைந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஜோடி சேரவில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை.

ஐந்து, உங்களுக்கு மனப்பாடமான எந்தப் பாட்டும். எங்கே மூச்சு வாங்குவார், ‘ஸ’வும் ‘ஷ’வும் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரிந்த குரல். ஒரு மணி நேரம் கேளுங்கள். முதல் நிமிஷத்தில் ‘ஆகா, என்ன பளிச்!’ என்று தோன்றுகிற சத்தம் பல சமயம் முப்பதாவது நிமிஷத்தில் தலைவலி. முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூமில் கார்பெட்டும் திரையும் இருக்கிறது. நம் ஹாலில் மொசைக் தரையும் கண்ணாடி பீரோவும்.

இப்படி நம் பாட்டை எடுத்து நீட்டும்போது கடைக்காரரிடமிருந்து ஒரு பதில் வரும்: “அந்த ரிக்கார்டிங் சரியில்லை சார், இந்த சிஸ்டத்துக்கு அது தாங்காது.” காசு போவதைவிட இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். பதிவு சுமார் என்பது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அதை நம்பி வாங்கினவர் வீட்டில் அடுத்து என்ன நடக்கிறது பாருங்கள். முதலில் பாகவதர் வெளியே போவார். அப்புறம் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் 78 ஆர்.பி.எம். நாகஸ்வரம். அப்புறம் எழுபதுகளின் சினிமாப் பாட்டு. கடைசியில் சிஸ்டத்துக்குத் தகுதியுள்ளவை என்று ஒரு டஜன் பாட்டு மிஞ்சும். அதில் முதல் பாட்டு ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. விருந்தாளி வந்தால் அதைப் போட்டுக் காட்டுவார். வீட்டிலேயே ஒரு ஷோரூம் நடத்துவார், சம்பளம் இல்லாமல்.

நல்ல கருவி சுமாரான பதிவின் கரகரப்பைக் காட்டும். கூடவே கரகரப்புக்குப் பின்னால் நிற்கும் ராஜரத்தினம் பிள்ளையையும் காட்டும். கரகரப்பை மட்டும் காட்டினால் ரிக்கார்டை மாற்றாதீர்கள். எழுந்து, காபிக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த கடைக்குப் போங்கள்.